பள்ளியில் நிக்காஹ்: திருகோணமலையில் அழைப்புக் கிடைத்த முஸ்லிமல்லாதவர்களுக்கு

இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வந்தவர்களுக்கு அநேகமாக முதல் வருடத்திலேயே ஒரு நிக்காஹ், அதாவது முஸ்லிம் கலியாண, அழைப்பிதழ் வந்துவிடும். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர், பிள்ளைக்குப் படிப்பிக்கிற ஆசிரியை, வீட்டுக்கு வயரிங் செய்துதந்தவர் என்று யாராவது ஒருவர் கொண்டுவந்து நீட்டுவார். யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ வளர்ந்தவர்களில் பலர் அதுவரை பள்ளிவாசலுக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். போகலாமா, உள்ளே விடுவார்களா, பொட்டை அழிக்க வேண்டுமா, சாப்பாடு மாட்டிறைச்சிதானா என்று கேள்விகள் வரிசையாக வரும். போகலாம். விடுவார்கள். அழிக்கத் தேவையில்லை. மாடு இருக்கும், உங்களுக்கு வேறும் இருக்கும். மற்ற விபரங்களைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல். இந்தப் பக்கத்தில் 'பள்ளி' என்றால் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கிற இடம் பள்ளிக்கூடம். 'பள்ளியடியில் இறங்குங்க' என்று யாராவது சொன்னால் பாடசாலையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.

அழைப்பிதழில் நேரம் எங்கே?

நம்முடைய கலியாணக் கடிதத்தில் சுபமுகூர்த்தம் மணி, நிமிடத்தோடு இருக்கும். நிக்காஹ் அழைப்பிதழில் பல வேளை 'அஸர் தொழுகையைத் தொடர்ந்து' என்று மட்டும் இருக்கும். நல்ல நேரம், ராகு காலம் எதுவும் பார்ப்பதில்லை, தொழுகைதான் மணிக்கூடு. திருகோணமலையில் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கான பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, பகல் பன்னிரண்டு மணியை ஒட்டிக் கேட்கும். அஸர் பிற்பகல் 3.10 இலிருந்து 3.40 வரை, மஃரிப் சூரியன் மறைந்ததும், இஷா ஏழுக்குச் சற்று முன்னிருந்து ஏழே முக்காலுக்குள். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின்னாக வரும். பாங்கு சொல்லிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கூட்டுத் தொழுகை தொடங்கும், அது முடியப் பத்து நிமிடம். 'அஸருக்குப் பிறகு' என்றால் நான்கு மணிக்கு உள்ளே இருந்தால் சரி. மூன்றேகாலுக்கே போய் நின்றால் ஊரே தொழப் போகும்போது நீங்கள் வாசலில் தனியே நிற்பீர்கள். நான்கரைக்குப் போனால் பேரீச்சம்பழம் கொடுத்து முடிந்திருக்கும். நிக்காஹ் இருபது முப்பது நிமிட அலுவல். நம்மூர்ப் பழக்கத்தில் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் ஒன்றையும் காணாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு (நண்பகல் கூட்டுத் தொழுகைக்கு) பிறகு என்று இருந்தால் பகல் ஒன்றரையை ஒட்டிப் போங்கள். அதற்கு முன் பள்ளியடியில் வாகனம் நிறுத்த இடம் கிடையாது.

அழைப்பிதழில் இன்னொன்றையும் பாருங்கள். அழைத்தவர் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா? நிக்காஹ் அன்று விருந்து பெரும்பாலும் பெண் வீட்டுப் பக்கம். மாப்பிள்ளை பக்கம் கொடுக்கிற விருந்துக்கு வலீமா என்று பெயர். அது மறுநாளோ சில நாள் கழித்தோ நடக்கும். இரண்டுக்கும் அழைப்பு வந்து ஒன்றுக்குத்தான் போக முடியுமென்றால் அழைத்தவருடைய விருந்துக்குப் போவதுதான் அவருக்குச் சந்தோஷம்.

முன்கூட்டியே கேட்க வேண்டிய மூன்று

அழைப்பிதழ் தந்தவரிடமே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் வந்து தடுமாறுகிறவரைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் சங்கடப்படுவார்.

ஒன்று, பெண்கள் பள்ளிக்கு வரலாமா, வீட்டுக்கு வர வேண்டுமா? கிழக்கில் பல இடங்களில் நிக்காஹ் நேரத்தில் பள்ளிக்குள் ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள். மணமகள் உட்படப் பெண்கள் எல்லோரும் வீட்டிலோ மண்டபத்திலோ இருப்பார்கள். சில பள்ளிகளில் பெண்களுக்குத் தனிப் பகுதியும் தனி வாசலும் உண்டு. மனைவியோடு போய் வாசலில் நின்று 'இவங்க எங்க போறது?' என்று கேட்பதைவிட முதல் நாளே ஒரு போன் எடுத்துவிடலாம்.

இரண்டு, நீங்கள் சைவமா, மாடு மட்டும் தவிர்ப்பவரா? இதைக் குறைந்தது மூன்று நாள் முன்னர் சொல்லுங்கள். ஏனென்று சாப்பாட்டுப் பகுதியில் வரும்.

மூன்று, எந்தப் பள்ளி? 'கிண்ணியாவில்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அங்கே தெருவுக்கொரு பள்ளி. பெயரையும் பக்கத்தில் உள்ள சந்தியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'பெரிய பள்ளி' என்று சொன்னாலும் எந்த ஊர்ப் பெரிய பள்ளி என்று கேளுங்கள்.

வழி

நகருக்குள் என்றால் சிக்கல் இல்லை, ஓட்டோ போதும். கிண்ணியாவுக்குச் சீனக்குடா, வெள்ளைமணல் வழியாகப் போய் 2009 இல் திறந்த பாலத்தால் கடக்க வேண்டும். பழைய ஆட்கள் 'பாதை' என்று சொன்னால் றோட்டைச் சொல்லவில்லை. பாலம் வருமுன்னர் வாகனங்களை ஏற்றிக் கடத்திய மிதவைக்கு அந்தப் பெயர். மூதூர், தோப்பூர் அதையும் தாண்டி. புல்மோட்டை வடக்குப் பக்கம், நிலாவெளி, குச்சவெளி வழியாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இஷாவுக்குப் பிறகு நிக்காஹ், அதன் பின் சாப்பாடு என்றால் திரும்பி வரப் பஸ்ஸை நம்பாதீர்கள். கூடப் போகிற வாகனத்தை முன்பே பேசி வையுங்கள், இல்லையென்றால் ஓட்டோக்காரரைக் காத்து நிற்கச் சொல்லுங்கள்.

உடுப்பு

கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற பழக்கம் நமக்கு. பள்ளியில் நேரெதிர், உடம்பை மூடுவதுதான் மரியாதை. ஆண்கள் நீளக் காற்சட்டையோ வேட்டியோ கட்டிக்கொண்டு போகலாம். பட்டு வேட்டி கட்டிப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி. அரைக்காற்சட்டை வேண்டாம். பெரிய முகமோ உருவமோ அச்சடித்த ரீசேர்ட் வேண்டாம், அது தொழுகிறவருடைய கண்ணுக்கு நேரே நிற்கும். தொப்பி கட்டாயமில்லை. சில பள்ளிகளில் வாசலில் ஒரு கூடையில் தொப்பி வைத்திருப்பார்கள், விருப்பமென்றால் போடலாம். வழுக்கிக்கொண்டு நிற்கும் கைலேஞ்சியைத் தலையில் பிடித்தபடி இருப்பதைவிட வெறுந்தலை நல்லது.

பொட்டு, திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், சிலுவை: அப்படியே இருக்கட்டும். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்து வீட்டுக்காரருக்குத்தான் மனம் கஷ்டப்படும்.

பெண்களுக்குச் சேலை தாராளமாகச் சரி. சட்டையின் கை முழங்கையைத் தொட்டால் நல்லது, இடுப்பு தெரியாமல் உடுத்த வேண்டும். சல்வார் அதைவிட வசதி. பள்ளிக்குள் போவதென்றால் தலையை மூட ஒரு பருத்திச் சால்வை எடுங்கள். பட்டுச் சேலையின் தலைப்பைத் தலையில் போட்டால் குனியும்போதெல்லாம் வழுக்கும், சற்றைக்கொருதரம் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டி வரும். பருத்தித் துணியும் இரண்டு ஊசியும் போதும். வீட்டுக்கோ மண்டபத்துக்கோ மட்டும் போவதென்றால் தலையில் பூ, காலில் கொலுசு, நகை எல்லாம் வழமைபோல. மாதவிலக்கு நாளென்றால் முஸ்லிம் பெண்களே தொழும் இடத்துக்குள் போவதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை, நேரே வீட்டுக்குப் போனால் போதும்.

நிறம் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. வெள்ளை உடுத்திக் கலியாணத்துக்குப் போகலாமா, கறுப்பு ஆகுமா? இங்கே வெள்ளையில் துக்கம் இல்லை, மாப்பிள்ளையே வெள்ளையில் இருக்கக்கூடும். பாதிப் பெண்கள் கறுப்பு அபாயாவோடு வருவார்கள்.

பள்ளிக்குள்

சப்பாத்து, செருப்பைக் கழற்றுகிற எல்லையைக் கவனியுங்கள். வாசற்படி என்று நினைத்து அதைத் தாண்டிச் செருப்போடு போகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் எங்கே கழற்றியிருக்கிறார்கள் என்று பார்த்து அதே வரியில் கழற்றுங்கள். ஒரே மாதிரிக் கறுப்பு றப்பர்ச் செருப்பு இருநூறு சோடி கிடக்கும் இடத்தில் திரும்பி வந்து தேடுவது பெரிய வேலை. ஒரு ஓரமாக, தூணடியில் வையுங்கள். புதுச் சப்பாத்தைக் கலியாணத்துக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டியோ வரிசையாகக் குழாய்களோ இருக்கும். தொட்டியை ஹவுழ் என்பார்கள். அங்கே கை, வாய், முகம், கால் கழுவுவது வுழு, தொழுகிறவர்களுக்கான ஏற்பாடு. நீங்கள் செய்யத் தேவையில்லை. கால் தூசியாக இருந்தால் கழுவிக்கொண்டு துடைத்துவிட்டுப் போங்கள். ஈரக் காலோடு விரிப்பில் ஏறினால் அடுத்த தொழுகை வேளையில் நெற்றி வைக்கிறவருக்கு அந்த ஈரம்.

'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று யாராவது சொன்னால் 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் சொல்லலாம். வாயில் வராவிட்டால் 'வணக்கம்' போதும், ஒரு சிரிப்பும். ஆண்கள் ஆண்களோடு கை கொடுப்பார்கள், கட்டியும் பிடிப்பார்கள். பெண்களிடம் ஆண்கள் கையை நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் அதுதான் மரியாதை. எந்த வீட்டிலும் வயதில் மூத்தவரைக் 'காக்கா' அல்லது 'நானா' என்றும், மூத்த பெண்ணை 'ராத்தா' என்றும் கூப்பிடலாம். சில வீடுகளில் அக்காவுக்குத் 'தாத்தா' என்பார்கள். 'தாத்தா சமைச்சவ' என்று சொன்னால் பாட்டனாரைத் தேடாதீர்கள். நிக்காஹை நடத்துகிறவரை 'மௌலவி' என்று சொன்னால் சரி.

இருக்கிற இடம்: பின்பக்கம், சுவரோரம், தூணுக்குப் பக்கம். முன்வரிசை நிக்காஹ் நடக்கிற இடம், அது நெருங்கிய உறவுக்கானது. உங்களைக் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தால் போய் இருங்கள், மறுத்துப் போராட வேண்டாம். சப்பாணி கட்டி இருப்பது எல்லோருக்கும் வழமை. முழங்கால் வலியென்றால் பின்னால் கதிரை இருக்கும், கேட்டால் கொண்டுவந்து போடுவார்கள். காலை நீட்ட வேண்டுமென்றால் மிஹ்ராப் பக்கம் நீட்டாதீர்கள். மிஹ்ராப் என்பது சுவரில் வளைவாக உள்ளே போயிருக்கும் இடம். தொழுவது மக்காவை நோக்கி, இங்கிருந்து அது மேற்கில் கொஞ்சம் வடக்காக இருப்பதால் சுவரும் விரிப்பின் வரிகளும் அந்தச் சாய்வில் இருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்குக் கட்டடமே கோணலாக இருப்பதுபோலத் தெரியும்.

நீங்கள் முன்னேயே வந்து, தொழுகை நடந்துகொண்டிருந்தால் பின்னால் அமைதியாக இருங்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் அதிகமாகத் தவறுவது இதில்தான். கூட்டுத் தொழுகை முடிந்த பிறகும் சிலர் தனியே எழுந்து நின்று தொழுவார்கள். தொழுகை நடத்துகிற இமாம் முடித்துவிட்டாரே என்று எழுந்து நடந்தால் ஒருவருடைய முகத்துக்கு முன்னால் போய்விடுவீர்கள். சுற்றிப் பார்த்து, பின்பக்கத்தால் வளைந்து போங்கள்.

போனை நிறுத்தி வையுங்கள். படம் எடுக்கலாமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. சில இடங்களில் ஏற்பாடு செய்த ஒருவர் மட்டும் எடுப்பார், சில இடங்களில் அதுவும் இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி நிக்காஹ். மாப்பிள்ளை வந்து மிஹ்ராபுக்கு முன்னால் இருப்பார். எதிரே பெண்ணின் வலி. வலி என்றால் பெண்ணின் தகப்பன், அவர் இல்லையென்றால் பாட்டன், சகோதரன் என்று ஆண் வழியில் வருகிற பொறுப்பாளர். நடுவில் மௌலவி, பக்கத்தில் இரண்டு சாட்சிகள், பதிவுப் புத்தகத்தோடு விவாகப் பதிவாளர். மணமகள் இருக்க மாட்டார், அவருடைய சம்மதத்தை ஏற்கெனவே கேட்டு வாங்கியிருப்பார்கள். பெண் எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்து நிக்காஹையே தவறவிட்டவர்கள் உண்டு.

மௌலவி அரபியில் குத்பா, அதாவது பிரசங்கம், ஓதுவார், குர்ஆன் வசனங்களும் வரும். பிறகு வலி மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடிப்பார். இரண்டு கட்டைவிரலும் ஒன்றை ஒன்று அழுத்தும். மௌலவி சொல்லிக் கொடுக்க வலி அதைத் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்வார்: இன்ன பெயருடைய என் மகளை, இத்தனை மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன். மாப்பிள்ளை உடனே, இடைவெளி விடாமல், அதை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வார். தருவதை ஈஜாப் என்றும் ஏற்பதைக் கபூல் என்றும் சொல்வார்கள். முழுச் சடங்கும் இந்த இரண்டு வசனம்தான், அரை நிமிடம் எடுக்காது. இந்த நேரத்தில் இருமல் வந்தால்கூட அடக்குங்கள். சொல் சாட்சிகளின் காதில் தெளிவாக விழ வேண்டும். மாப்பிள்ளை பதற்றத்தில் தடுமாறினால் மீண்டும் சொல்ல வைப்பார்கள், சிரிக்க வேண்டாம்.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, பெண்ணுக்கே சொந்தமானது. பணமாகவோ இத்தனை பவுண் என்று நகையாகவோ இருக்கும், தொகையைச் சபையில் சத்தமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கூடக் குறைய என்று பக்கத்தவரிடம் கணக்குப் பார்ப்பது அழகில்லை. பெண் பக்கமிருந்து மாப்பிள்ளைக்குப் போவது கைக்கூலி. அது வேறு விடயம், இன்றைக்கு ஊருக்குள்ளேயே சூடான வாதமும்கூட. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிற வழக்கமும் இருக்கிறது. மூதூர், கிண்ணியாப் பக்கத் தமிழருக்கு இது புதிதல்ல, வெளியூராருக்குத்தான் புதிது. விருந்துப் பந்தியில் 'எவ்வளவு கொடுத்தார்கள்?' என்று கேட்காதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. காவின் எழுதுவது என்பார்கள். இலங்கையில் முஸ்லிம்களின் விவாகம் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனியாகப் பதியப்படுகிறது. பதிவேட்டில் மஹருக்கும் கைக்கூலிக்கும் இடம் உண்டு. மாப்பிள்ளை, வலி, நிக்காஹ் நடத்தியவர், சாட்சிகள் என்று கையெழுத்துப் போடுவார்கள். பெண்ணும் கையெழுத்திட வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட நாளாக இருக்கிறது. சாட்சிகள் முஸ்லிம் ஆண்களாக இருக்க வேண்டும் என்பதால் உங்களைத் திடீரென்று கூப்பிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

பிறகு துஆ, அதாவது பிரார்த்தனை. எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி, மௌலவி நிறுத்துகிற இடத்திலெல்லாம் 'ஆமீன்' என்பார்கள். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். ஏந்தினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள், மனதுக்கு எது ஒத்துவருகிறதோ அது. முடிந்ததும் கைதட்ட வேண்டாம், அட்சதை மாதிரி எதுவும் தூவுவதும் இல்லை. பேரீச்சம்பழமோ இனிப்போ சர்பத்தோ வரும், மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்து வாழ்த்துவார்கள். நீங்களும் போய்க் கை கொடுத்துத் தமிழில் 'நல்லா இருங்க' என்று வாழ்த்துங்கள். பேரீச்சங்கொட்டையை விரிப்பில் வைத்துவிட்டு எழும்பாதீர்கள், கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போடுங்கள்.

வீட்டுக்குப் போதல்

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார்கள். சில குடும்பங்களில் பைத் என்ற பாட்டுகளைப் பாடிக்கொண்டு, பொல்லடி என்ற கோலாட்டம் ஆடிக்கொண்டு போகிற பழைய வழக்கம் இருக்கிறது. வீட்டு வாசலில் பெண்கள் குரவை இடுவதும் உண்டு, மட்டக்களப்புப் பக்கம் தமிழர் இடுகிற அதே குரவை. வேறு குடும்பங்களில் பாட்டு, ஆட்டம், குரவை ஒன்றும் இருக்காது. மார்க்கத்தில் இல்லாதது என்று விட்டிருப்பார்கள். தாலியும் அப்படித்தான். கட்டுகிற வீடும் உண்டு, வேண்டாமென்கிற வீடும் உண்டு. ஒரு வீட்டில் பார்த்ததை வைத்து அடுத்த வீட்டில் 'ஏன் மேளம் இல்லை, தாலி இல்லையா?' என்று கேட்டால் அந்தக் குடும்பத்துக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்த சண்டையை நீங்கள் மறுபடி கிளப்பிவிடுவீர்கள்.

வீட்டில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் திரை இருக்கலாம், வெவ்வேறு வாசலாகவும் இருக்கலாம். கணவன் மனைவி உள்ளே போனதும் பிரிவீர்கள் என்பதால் வாகனச் சாவி யாரிடம், பரிசு யார் பையில், எத்தனை மணிக்கு வெளிக்கேற்றடியில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கவர் மனைவியின் கைப்பையில் இருக்க, கணவன் மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு முன்னால் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்பது அடிக்கடி காணும் காட்சி. சிறு பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடித் திரியலாம், தூது போக அவர்கள்தான் வசதி.

பெண்கள் பக்கத்தில் தலைத்துணியைக் கழற்றிவிட்டு அலங்காரத்தோடு இருப்பார்கள். அங்கே எடுத்த படத்தை, அதுவும் மணமகளின் படத்தை, கேட்காமல் முகநூலில் போடவே கூடாது. கணவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதே பிழைதான்.

சாப்பாடு

மண்டபமென்றால் இப்போது பெரும்பாலும் கோப்பையில் எடுத்துச் சாப்பிடுகிற முறை. வீட்டிலோ பழைய முறைப்படி நடத்தும் இடத்திலோ சஹன் வரும். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. பாயில் ஐந்தாறு பேர் சுற்றி இருப்பார்கள், நடுவில் புரியாணியோ நெய்ச்சோறோ குவிந்திருக்கும், மேலே கோழி, சுற்றிவரக் கறி, அச்சாறு, சம்பல்.

நம்மில் பலருக்கு எச்சில் என்ற நினைப்பு உள்ளே ஊறியது. ஒரே தட்டில் வேறு கைகளோடு சாப்பிடுவதா என்று நெஞ்சு ஒரு கணம் பின்வாங்கும். அது வீட்டுக்காரருக்கும் தெரியும். 'எனக்கு ஒரு கோப்பை தாங்கோ' என்று கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கேட்காமல் இருந்துவிட்டு, தட்டின் ஓரத்தில் நான்கு பருக்கையைக் கிளறிக்கொண்டிருப்பதுதான் அவர்களை வருத்தும். சேர்ந்து சாப்பிட விருப்பமென்றால் ஒழுங்கு இதுதான்: கெண்டியில் தண்ணீர் வார்ப்பார்கள், கீழே ஒரு பாத்திரம் பிடிப்பார்கள், வலது கையை நன்றாகக் கழுவுங்கள். அவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குமட்டும் காத்திருங்கள். உங்களுக்கு நேரே உள்ள பங்கிலிருந்து மட்டும் எடுங்கள். நடுக் குவியலைத் தோண்டவோ அடுத்தவர் பக்கம் கையை நீட்டவோ வேண்டாம். இறைச்சியை மூத்தவர் ஒருவர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளி வைப்பார், நீங்களாக இழுக்கத் தேவையில்லை. கறியை முழுச் சோற்றிலும் ஊற்றாமல் உங்கள் பங்கில் மட்டும் ஊற்றுங்கள். வாய்க்குப் போன உருண்டையில் மிச்சத்தைத் தட்டில் போடக் கூடாது. விரலை உதறக் கூடாது. வயிறு நிறைந்தாலும் சட்டென்று எழும்பாதீர்கள், மற்றவர்கள் உங்களுக்காகக் கையை நிறுத்திவிடுவார்கள். மெதுவாகக் கொறித்துக்கொண்டு இருங்கள்.

மாடு சாப்பிடாதவர்கள் கோழியையும் சோற்றையும் நம்பி இருக்கிறார்கள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், 'சோறு எதோட அவிச்சது?' மாட்டுப் புரியாணியில் துண்டை எடுத்து வைத்துவிட்டால் மாடு போய்விடாது, சாறு முழுவதும் சோற்றில் இறங்கியிருக்கும். ஒரே அகப்பை இரண்டு சட்டிக்குள்ளும் போய் வரும்.

சைவக்காரருக்குக் கண்ணி இன்னும் அதிகம். நெய்ச்சோறு வெள்ளையாக இருந்தாலும் இறைச்சி அவித்த தண்ணீரில் ஆக்கியிருக்கலாம். பருப்பில் எலும்பு போட்டு ஆக்குகிற வீடுகள் உண்டு. சம்பலில் மாசி, அதாவது மாலைதீவுக் கருவாடு, இடித்துப் போட்டிருக்கும். தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் எல்லாம் மணக்க வருகிற வட்டிலப்பத்தில் முட்டைதான் அடிப்படை. பந்தியில் இருந்துகொண்டு இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கேட்க முடியாது. அதனால்தான் மூன்று நாள் முன் சொல்லச் சொன்னது. சொன்னால் தனிச் சட்டியில் ஆக்குவார்கள், அல்லது சைவக் கடையில் பார்சல் எடுத்து வைத்திருப்பார்கள். பிந்திச் சொன்னால் ஒரு கோப்பைச் சோறும் தயிரும் வாழைப்பழமும்தான் மிஞ்சும். அதைக் கொண்டுவந்து வைக்கும்போது அந்த வீட்டு ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

பரிசு

கவரில் பணம் எல்லாவற்றிலும் வசதி. நாம் ஆயிரத்தொன்று, ஐயாயிரத்தொன்று என்று ஒரு ரூபாக் குற்றி சேர்ப்போம். அங்கே அந்தக் கணக்கு இல்லை, வைத்தாலும் பிழையில்லை. உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள். அழைத்தவரின் கையிலேயே கொடுங்கள். பொருளென்றால் வீட்டுச் சாமான், துணி, அத்தர் எல்லாம் சரி. சாமி உருவம் உள்ள விளக்கு, சிலை, மனித உருவப் பொம்மை, மதுபானம் கலந்த சொக்லேட் வேண்டாம். பலகாரம் சுட்டுக்கொண்டு போகலாம், பூசையில் படைத்ததாக இருக்கக் கூடாது. அவர்களால் அதைச் சாப்பிட முடியாது, வேண்டாமென்று சொல்லவும் வாய் வராது.

பிறகு உங்கள் வீட்டுக் கலியாணம்

இந்த ஊரில் அழைப்பு ஒருமுறையோடு நிற்காது, உங்கள் வீட்டு விசேடத்துக்கு அவர்களும் வருவார்கள். கடிதம் கொடுக்கும்போதே சாப்பாடு மரக்கறி என்று சொல்லிவிடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். மாமிசம் வைப்பதென்றால் ஹலால் கடையில் வாங்கியதா என்று அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். சந்தனம், குங்குமத் தட்டை நீட்டும்போது எடுக்காமல் சிரித்தால் அதை மனதில் வைக்காதீர்கள், பன்னீர் தெளித்தால் வாங்கிக்கொள்வார்கள். மண்டபத்தில் ஒரு சின்ன அறையைத் துப்புரவாக்கி, ஒரு பாயையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து, 'காக்கா, அஸருக்கு இடம் இருக்கு' என்று காட்டிவிடுங்கள். சுவரில் சாமிப்படம் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு, மேற்குச் சுவர் வெறுமையாக இருக்கிற அறையாகப் பாருங்கள்.